அச்சில் வார்ப்பது: உலோக வார்ப்பு இயந்திரமும் அதை இயக்குபவரும்

தகப்பனைப் போலவே இருக்கும் பிள்ளையைப் பார்த்து "அச்சில் வார்த்தாற்போல இருக்கிறான்" என்று ஊரில் சொல்வோம். இந்த வழக்கில் வரும் அச்சு, வார்ப்பு ஆகிய இரண்டு சொற்களும் ஒரு தொழிலுக்குச் சொந்தமானவை. அந்தத் தொழிலில் நான் 1996 முதல் 2019 வரை இருந்தேன். குடியிருப்பது ஒஸ்லோவின் தெற்கே ஹவுகெட்டோவில். லியான் ஆற்றின் கரையில், ஹோல்ம்லியாவுக்கு முந்திய ரயில் நிறுத்தம் அது. வேலைத்தளம் நகரத்துக்கு வெளியே இருந்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. அலுமினியத்தை உருக்கி, உருக்கு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, பம்பு மூடிகளும் இயந்திரப் பெட்டிகளும் வார்த்தெடுப்பதே எங்கள் வேலை.

நோர்வேஜிய மொழியில் இந்த வேலை செய்பவரை 'ஸ்டோப்பர்' என்பார்கள். தமிழில் கேட்டால் "பாக்டரியில் வேலை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மீன் தொழிற்சாலை, சலவைச்சாலை, உணவகம், வார்ப்பாலை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. 1956இல் அன்ரனி ராஜேந்திரம் வந்ததில் தொடங்கும் நோர்வேத் தமிழர் வரலாற்றில், நாங்கள் எங்கிருந்து வந்தோம், ஏன் வந்தோம் என்பது பற்றி ஓரளவு எழுதியிருக்கிறோம். வந்த பின்னர் நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் கைகளால் என்ன செய்தோம் என்பது பற்றி எழுதியது குறைவு. இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது, இயக்குபவர் எதைக் கவனிக்கிறார், இந்தத் தொழிலுக்கும் தமிழுக்கும் என்ன உறவு, அதில் உள்ள ஆபத்து எது என்பவற்றை இங்கே வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

இயந்திரம்

அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். வார்ப்புக்குச் சுத்த அலுமினியம் பெரும்பாலும் பயன்படுவதில்லை. சிலிக்கன் கலந்த கலப்புலோகமே பயன்படும். சிலிக்கன் ஏறத்தாழ 12 சதவீதம் இருந்தால் உருகுநிலை 577 பாகை அளவுக்கு இறங்கும், உலோகம் தண்ணீர் போல ஓடும். உலையில் உருக்கிய உலோகம் இயந்திரத்தின் அருகில் உள்ள வைப்புலைக்கு வருகிறது. அங்கே 650 முதல் 700 பாகை வரை சூடாக வைத்திருப்பார்கள்.

இயந்திரத்தின் அச்சு இரண்டு பாதிகளைக் கொண்டது. ஒரு பாதி அசையாது, மற்றது முன்பின்னாக நகரும். இரண்டும் மூடிப் பூட்டிக்கொண்டதும், இயந்திரக் கை ஓர் அகப்பை உலோகத்தை மொண்டு வந்து கிடையான உருளைக்குழாயில் ஊற்றும். அதற்குள் இருக்கும் உந்துதண்டு மூன்று கட்டமாக வேலை செய்யும். முதற்கட்டத்தில் மெதுவாக நகர்ந்து குழாயில் உள்ள காற்றை முன்னே தள்ளும். இரண்டாம் கட்டத்தில் திடீரென்று வேகமெடுத்து அச்சை நிரப்பும். மூன்றாம் கட்டத்தில் அழுத்தத்தைப் பலமடங்கு கூட்டி, உலோகம் உறையும்வரை விடாமல் பிடித்திருக்கும்.

இரண்டாம் கட்டத்தில் உலோகம் அச்சுக்குள் நுழையும் ஒடுங்கிய வாயில் அதன் வேகம் வினாடிக்கு 40 மீற்றர் அளவில் இருக்கும். மணிக்கணக்கில் 144 கிலோமீற்றர். நோர்வே நெடுஞ்சாலைகளில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே 110தான். அச்சு நிரம்ப எடுக்கும் நேரம் ஒரு வினாடியின் நூறில் சில பங்கு. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த வேகம் ஏன் என்றால், அச்சின் சுவர் 200 பாகை அளவில்தான் இருக்கிறது. மெல்லிய சுவருள்ள பாகத்தை மெதுவாக நிரப்பினால் உலோகம் பாதி வழியிலேயே உறைந்துவிடும்.

மூன்றாம் கட்டம் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. உறையும்போது அலுமினியக் கலப்புலோகம் கன அளவில் ஏறத்தாழ 4 முதல் 6 சதவீதம் சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப மேலும் உலோகத்தை உள்ளே தள்ளவேண்டும். அதற்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 800 கிலோ அளவில் அழுத்தம் தேவைப்படலாம். பாகத்தின் முகப்பரப்பு 600 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால், அச்சைத் திறக்கப் பார்க்கும் விசை 480 தொன். நான் நின்ற இயந்திரத்தின் பூட்டு விசை 800 தொன். பூட்டு போதாவிட்டால் அச்சு மயிரிழை அளவு விலகும், அந்த இடுக்கால் உலோகம் பீறிட்டுப் பாயும்.

உறைந்ததும் அச்சு திறக்கும், தள்ளூசிகள் பாகத்தை வெளியே தள்ளும், இயந்திரக் கை எடுத்துச் சென்று ஆறவைக்கும். பின்னர் அச்சின் முகத்தில் தண்ணீர் கலந்த விடுப்புத் திரவம் தெளிக்கப்படும். இது அச்சைக் குளிர்விக்கும், அடுத்த வார்ப்பு ஒட்டாமலும் காக்கும். மறுபடி அச்சு மூடும். எங்கள் பாகத்துக்கு இந்தச் சுற்று ஒரு நிமிடம் எடுத்தது. தடங்கல்களைக் கழித்தால் ஒரு ஷிப்ட்டில் 350 பாகங்கள் வரை எடுப்போம்.

இயக்குபவர்

இதையெல்லாம் இயந்திரமே செய்கிறதே, மனிதருக்கு என்ன வேலை என்று என் மகள் சிறுவயதில் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். உலோகம் அச்சுக்குள் இருக்கும் கணத்தை யாரும் பார்க்க முடியாது. முன்னும் பின்னும் தெரியும் அடையாளங்களைக் கொண்டு உள்ளே நடந்ததை ஊகிப்பவரே இயக்குநர்.

முதல் அடையாளம் 'பிஸ்கட்'. உந்துதண்டின் முனையில் எஞ்சி உறைந்து நிற்கும் வட்டக் கட்டிக்கு உலகெங்கும் அதுதான் பெயர். அதன் தடிப்பு குறைந்தால் அகப்பை போதிய உலோகம் மொள்ளவில்லை என்று அர்த்தம். அப்போது மூன்றாம் கட்ட அழுத்தம் பாகத்துக்குப் போய்ச் சேராது. தடிப்பு கூடினால் உந்துதண்டு வேகமெடுக்கும் இடம் பிசகும்.

அடுத்தது பாகத்தின் ஓரத்தில் தொங்கும் செதில். செதில் ஒரு பக்கம் மட்டும் தடித்தால் அச்சு சமமாகப் பூட்டவில்லை. பாகத்தின் மேலே இரண்டு ஓடைகள் சந்தித்து ஒன்றாகாமல் நின்ற கோடு தெரிந்தால், உலோகமோ அச்சோ குளிர்ந்துபோயிருக்கிறது. மேற்பரப்பில் உரித்தெடுத்தது போலக் கீறல் இருந்தால், அலுமினியம் அச்சின் உருக்கோடு ஒட்டத் தொடங்கியிருக்கிறது. இந்த ஒட்டலைக் குறைக்கவே கலப்புலோகத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இரும்பு சேர்க்கிறார்கள். ஆனால் இரும்பு கூடினால் பாகம் நொறுங்கும். பாகத்தின் மேல் நுண்ணிய வலைபோல மேடான கோடுகள் வரத் தொடங்கினால், அச்சே வெடித்துக்கொண்டிருக்கிறது. சூடும் குளிரும் மாறிமாறித் தாக்கி உருக்கின் தோல் பிளக்கும் அடையாளம் அது.

கண்ணுக்குத் தெரியாத குறைகள் இரண்டு. உள்ளே அகப்பட்ட காற்றோ வாயுவோ விடும் துளைகள் பெரும்பாலும் உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். சுருக்கத்தால் வந்த துளைகள் கரடுமுரடாக இருக்கும். பாகத்தை அறுத்தோ எக்ஸ் கதிரில் வைத்தோ பார்த்தால்தான் தெரியும். முதலாவதற்கு மருந்து காற்றுப்போக்கும் உந்துதண்டின் நடையும். இரண்டாவதற்கு மருந்து அழுத்தமும் அச்சின் குளிர்ச்சியும். மாறி வைத்தியம் பார்த்தால் ஒரு நாள் வேலை முழுவதும் மறு உலைக்குப் போகும்.

எங்களோடு வேலை செய்த ஒருவரை, ஊர்ப் பெயரால், வேலணை அண்ணை என்று அழைப்போம். அவர் ஊரில் தோட்டம் செய்தவர். உலோகம் ஓடிவரும் பாதையை வாய்க்கால் என்றும், அச்சுக்குள் நுழையும் வாயை மடை என்றும் சொல்வார். "மடை ஒடுங்கினால் தண்ணி சீறும், தம்பி. அகண்டால் ஓட்டம் தளரும்" என்பார். வேறு நாட்டுப் பொறியியல் நூலில் நான் பின்னர் படித்ததும் அதைத்தான்.

அவர் ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு மணிக்கும் பிஸ்கட்டின் தடிப்பு, அச்சின் சூடு, தெளிப்பு நேரம், கண்ட குறை எல்லாவற்றையும் தமிழில் எழுதுவார். 2008இல் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளர், உற்பத்தியைக் கூட்டவேண்டும் என்று சுற்று நேரத்தை 62 வினாடியிலிருந்து 54க்கு இறக்கினார். தெளிப்பும் குளிர்விப்பும் குறைந்தன. சில வாரங்களில் வாங்குபவரிடமிருந்து பம்பு மூடிகள் கசிகின்றன என்று முறைப்பாடு வந்தது. முதலில் உலோகத்தைக் குறை சொன்னார்கள், பின்னர் இரவு ஷிப்ட்டைக் குறை சொன்னார்கள். இரவு ஷிப்ட்டில் நின்றவர்கள் பெரும்பாலும் நாங்கள்.

கூட்டத்தில் வேலணை அண்ணை கொப்பியை விரித்தார், நான் வாசித்து நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மூடியின் தடித்த மூலைக்கு நேரே அச்சின் சூடு எந்த நாளிலிருந்து ஏறியது என்பது அதில் இருந்தது. அறுத்துப் பார்த்தபோது அந்த மூலையில் சுருக்கத் துளைகள். நேரம் 60 வினாடிக்குத் திரும்பியது, கசிவும் நின்றது. பின்னர் எழுதிய அறிக்கையில் "அளவீடுகளின்படி" என்று இருந்தது. யாருடைய அளவீடு, எந்த மொழியில் என்பது அதில் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்த ஒரு வரியும் காரணம்.

ஈய எழுத்திலிருந்து

இந்த இயந்திரத்தின் வம்சாவளியைத் தேடிப் போனால் இலக்கியப் பக்கத்துக்கே வந்து சேர்கிறோம். அழுத்த வார்ப்பு இயந்திரத்தின் மூதாதை, அச்செழுத்து வார்க்கும் இயந்திரம்.

ஐரோப்பாவில் குட்டன்பேர்க் காலம் முதல் எழுத்துகளைக் கையச்சில் ஒவ்வொன்றாக வார்த்தார்கள். உருக்கில் எழுத்தைச் செதுக்கி, செம்பில் பதித்து, அந்தப் பதிவின் மேல் ஈயக் கலவையை ஊற்றுவது முறை. ஈயத்தோடு அன்ரிமனியும் தகரமும் சேர்ப்பார்கள். அன்ரிமனி கடினத்தைக் கூட்டும், உறையும்போது ஏற்படும் சுருக்கத்தையும் குறைக்கும். சுருக்கம் என்ற அதே பகையோடுதான் அவர்களும் போராடினார்கள். எழுத்து சுருங்கினால் அதன் முகம் மழுங்கும், வரி ஆடும்.

தமிழ் எழுத்துகளை 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் வார்த்தார்கள். 1578 ஒக்டோபர் 20இல் கொல்லத்தில் அன்றிக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகியது. பதினாறு பக்கங்கள். இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல் அது.

அடுத்த கட்டத்தில் நோர்வேயின் பெயரும் வருகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவையும் புளுட்சோவையும் அனுப்பியவர் நான்காம் பிரடெரிக். அவர் டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் சேர்த்து அரசர். நோர்வே 1814 வரை அந்த முடியின் கீழ்தான் இருந்தது. தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் 1713இல் வந்தன. அந்த எழுத்துகள் மிகப் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே அட்லர் என்ற தொழிலாளி தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். சீஸ் கட்டிகளைப் பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கினார் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது. மொழிபெயர்த்தவரின் பெயரை நாம் அறிவோம். எழுத்து வார்த்த உலையருகே நின்ற உள்ளூர்க்காரர் எவர் என்று கேட்டால் பதில் இல்லை.

1849இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிறுவிய அச்சுக்கூடமும், 1862இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்த வின்சுலோ அகராதியும் வார்த்த ஈய எழுத்துகளால் உருவானவையே.

இயந்திரம் 19ஆம் நூற்றாண்டில் நுழைகிறது. 1838இல் அமெரிக்காவில் டேவிட் புரூஸ் காப்புரிமை பெற்ற எழுத்துவார்ப்பு இயந்திரம், உருகிய உலோகத்தைச் சிறு உந்துதண்டால் அச்சுக்குள் செலுத்தியது. 1886இல் நியூயோர்க் ட்ரிபியூன் பத்திரிகையில் நிறுவப்பட்ட மெர்கந்தாலரின் லைனோடைப், ஒரு முழு வரியையே ஒரே கட்டியாக வார்த்தது. அதன் உந்துதண்டு உருகிய உலோகத்துக்குள்ளேயே மூழ்கி நின்றது. இன்று துத்தநாகப் பாகங்களை வார்க்கும் வெப்பக்கல இயந்திரத்தின் அமைப்பும் அடிப்படையில் அதுதான். எழுத்து வார்த்த அதே முறையில் இயந்திரப் பாகங்களையும் வார்க்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாகச் செய்து காட்டினார்கள். அலுமினியம் இந்த வழிக்கு இணங்கவில்லை. உருகிய அலுமினியம் இரும்பைக் கரைக்கும், மூழ்கிய உந்துதண்டையும் அரித்துத் தின்னும். உலோகத்தை வெளியே வைத்து, ஒவ்வொரு தடவையும் மொண்டு ஊற்றும் குளிர்க்கல இயந்திரம் 1920களில் வந்த பின்னரே அலுமினிய வார்ப்பு பெருகியது. அதை வளர்த்தவர்களில் செக் பொறியாளர் யோசப் போலாக் முக்கியமானவர்.

தமிழில் புத்தகம் பதிப்பதும் அச்சு, உலோகம் வார்க்கும் கருவியும் அச்சு. ஒரு சொல் இரண்டு தொழிலையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்த இரண்டும் உண்மையில் ஒரு குடும்பம் என்பது எனக்கு வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

மூன்று அச்சுகள்

வார்ப்பில் அச்சு எத்தனை தடவை பயன்படும் என்பதை வைத்து மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது மெழுகு அச்சு. கும்பகோணத்துக்கு அருகே சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் செய்வது இது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துச் சிலையை மெழுகில் செய்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, கம்பியால் கட்டி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்தே சிலையை எடுக்கவேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு சிலை. சோழர் காலத்து நடராசர்கள் இப்படிப் பிறந்தவர்கள். ஒஸ்லோவுக்கு வரும் உறவினரை நாம் அழைத்துச் செல்லும் விகெலன் பூங்காவின் பாலத்தில் 58 வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது, உலோகம் எங்கே நுழைந்தது, காற்று எங்கே வெளியேறியது என்று என் கண் தேடும். சுவாமிமலை ஸ்தபதியும் அதையேதான் தேடுவார்.

இரண்டாவது மண் அச்சு. மரத்தில் செய்த மாதிரியை மணலில் பதித்து எடுப்பது. மாதிரி நிலைக்கும், மணல் ஒவ்வொரு தடவையும் கலையும். கோயம்புத்தூர் பவுண்டரிகளை வளர்த்தது பெரும்பாலும் இந்த முறை. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின்னர் கோவையில் ஆலைகள் பெருகின. அவற்றையும் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் நம்பி மோட்டாரும் பம்பும் செய்யும் தொழில் வளர்ந்தது. பம்பின் உடல் வார்ப்பிரும்பு. நோர்வேயிலும் கதை இரும்பிலேயே தொடங்குகிறது. ஒஸ்லோவுக்கு மேற்கே பேரும் இரும்பாலை 1610இல் தொடங்கி, வீடுகளைச் சூடாக்கும் அடுப்புகளை வார்த்தது. 1853இல் ஒலூஃப் ஒன்சும் ஒஸ்லோவில் தொடங்கிய குவார்னர் வார்ப்பாலையும் அடுப்பு வார்த்தது. அது இருந்த இடம் இன்று குவார்னர்பியென் என்ற குடியிருப்பு. கோவைக்கு நேர்ந்த அதே மாற்றம் இங்கே நீர்வீழ்ச்சிகளால் நேர்ந்தது. ஒரு கிலோ புது அலுமினியம் பிரித்தெடுக்க 13 முதல் 15 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். அதனால் ஆலைகள் மலிவான நீர்மின்சாரத்தைத் தேடி வந்தன. நோர்வேயின் முதல் அலுமினிய ஆலை 1908இல் மேற்குக் கரையில் ஸ்டாங்பியோர்டனில் தொடங்கியது. மக்னீசியமும் 1951 முதல் 2002 வரை போர்ஸ்குருன் நகரின் ஹெரோயாவில் பிரித்தெடுக்கப்பட்டது. வோக்ஸ்வாகன் வண்டு காரின் இயந்திரப் பெட்டிகளுக்கு அங்கிருந்து உலோகம் போனது.

மூன்றாவது நாங்கள் பயன்படுத்திய உருக்கு அச்சு. அலுமினியத்தில் ஓர் அச்சு ஓர் இலட்சம் வார்ப்பு அளவுக்கும் தாங்கலாம். விலை மிக அதிகம். அதனால் ஆயிரக்கணக்கில் ஒரே பாகம் தேவைப்பட்டால்தான் இது கட்டுப்படியாகும். ஸ்தபதிக்கு ஒவ்வொரு சிலையும் முதல் சிலை. எங்களுக்கு ஐம்பதாயிரமாவது மூடியும் முதல் மூடியைப் போல இருக்கவேண்டும். இரண்டுக்கும் வேண்டிய கவனம் வேறு வேறு, அளவில் ஒன்றுக்கொன்று குறைந்ததல்ல.

தண்ணீர்

வார்ப்பாலையில் நெருப்புக்குப் பயப்படுவார்கள் என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள். அங்கே உள்ளவர்கள் பயப்படுவது தண்ணீருக்கு. தண்ணீர் நீராவியாகும்போது கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்காகும். ஈரமான அலுமினியப் பாளத்தை உருகிய உலோகத்துக்குள் போட்டால், ஈரம் உலோகத்தின் அடியில் அகப்பட்டு நீராவியாகி வெடிக்கும், உருகிய உலோகத்தை வீசி எறியும். நோர்வேயில் குளிர்காலத்தில் வெளியே அடுக்கிய பாளங்களை உள்ளே கொண்டுவந்தால், கண்ணுக்குப் படாத பனியும் வியர்வையும் அவற்றில் இருக்கும். ஆகவே பாளம், அகப்பை, கசடு வழிக்கும் கருவி எல்லாவற்றையும் சூடுகாட்டிய பின்னரே உலோகத்துக்குள் விடவேண்டும்.

ஈரம் இன்னொரு வழியிலும் கெடுக்கும். சூடான அலுமினியம் நீராவியிலிருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொள்ள, மிஞ்சும் ஐதரசன் உலோகத்தில் கரையும். உறையும்போது அதை வைத்திருக்க உலோகத்தால் முடியாது. அது குமிழியாக வெளியேற முயன்று துளையாக நின்றுவிடும். அதை முன்கூட்டியே வெளியேற்ற, ஆர்கன் அல்லது நைதரசன் வாயுவைச் சுழலும் தண்டின் வழியாக உலோகத்துக்குள் செலுத்துவார்கள்.

2003 பெப்ரவரியில், பாளங்களை முன்சூடாக்கும் அடுப்பு பழுதாகியிருந்தது. திருத்தும்வரை காத்திருக்க நேரமில்லை என்று மேலிடம் நெருக்கியது. வேலணை அண்ணை கையுறையைக் கழற்றி, பாளத்தின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேர்த்திருக்கு, நான் போடமாட்டன்" என்றார். பிறகு வந்தவர் ஒரு தற்காலிக ஊழியர், பத்தொன்பது வயதுப் பையன். அவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. முதல் பாளத்திலேயே உலோகம் கூரைவரை எழும்பியது. முகத்தடுப்பு இருந்ததால் கண் தப்பியது. கழுத்திலும் முன்கையிலும் பட்ட சூட்டுக்கு மாதக்கணக்கில் வைத்தியம் நடந்தது.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நோர்வேயின் வேலைச்சூழல் சட்டம், தொழிலாளர் தெரிவுசெய்யும் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு ஓர் அதிகாரம் கொடுக்கிறது. அவரை 'வேர்னஊம்பூட்' என்பார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இருந்து, வேறு வழியில் அதை உடனே தவிர்க்க முடியாவிட்டால், அவர் வேலையை நிறுத்தலாம். நிறுத்தியதால் நிறுவனத்துக்கு ஏற்படும் நட்டத்துக்கு அவர் பொறுப்பல்லர். இந்த அதிகாரம் 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. தனித் தொழிலாளியும், ஆபத்தின்றித் தொடர முடியாது என்று கருதினால் வேலையை நிறுத்தக் கடமைப்பட்டவர். சட்டம் இதைக் கடமை என்றே சொல்கிறது. அண்ணை செய்தது அடம் அல்ல, சட்டம் சொன்னதையே செய்தார். அப்போது எங்களில் எவருக்கும் அந்தப் பிரிவு தெரியாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 40 மணிநேரப் பயிற்சி பெற்று அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் தமிழர் எங்கள் பகுதியில் அவர்தான்.

தொழிற்சான்றிதழ்

நோர்வேயில் கைத்தொழிலுக்கு 'ஃபாக்பிரேவ்' என்ற தொழிற்சான்றிதழ் உண்டு. வார்ப்புத் தொழிலுக்கும் உண்டு, பொதுவான உற்பத்தி நுட்பத்துக்கும் உண்டு. பள்ளியும் பயிலுநர் காலமும் முடித்துப் பெறுவது வழமையான பாதை. வேலையில் பல ஆண்டு இருப்பவர்களுக்கு வேறு பாதை இருக்கிறது. தொழிலில் ஐந்து ஆண்டு அளவில் பலவகைப் பயிற்சி இருந்தால், பள்ளிக்குப் போகாமலே எழுத்துத் தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் தோற்றலாம். 2018 முதல் வேலையில் இருந்துகொண்டே வழிகாட்டலுடன் சான்றிதழ் பெறும் திட்டமும் உண்டு.

நம்மவர்களில் பலர் இதைக் கடைசிவரை எடுக்காமல் விட்டதை நான் கண்டேன். ஊரில் பட்டம் படித்தவர்கள் சிலர் இதை எடுப்பது தங்களைத் தாழ்த்தும் என்று நினைத்தார்கள். வேறு சிலருக்கு எழுத்துத் தேர்வின் மொழி தடையாக இருந்தது. இன்னும் சிலர் இரண்டாவது வேலைக்கு ஓடியதால் படிக்க நேரமில்லை. ஆலை மூடும்போது வித்தியாசம் தெரியும். சான்றிதழ் உள்ளவர் தொழிலாளர் என்ற பெயரோடு வெளியே போவார், இல்லாதவர் வெறும் ஆண்டுக்கணக்கோடு போவார். நான் 2004இல் எடுத்தேன். வேலணை அண்ணை எடுக்கவில்லை. செய்முறைத் தேர்வில் எனக்குக் கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் விடை அவரிடமிருந்து கற்றதுதான். இப்போது இந்த வேலைகளில் இருக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. முதல் ஐந்து ஆண்டுக்குள் தேர்வுக்குப் பதிந்துவிடுங்கள்.

சில சொற்கள்

எங்கள் ஷிப்ட்டில் புழங்கியவற்றையும் நான் சேர்த்தவற்றையும் இங்கே தருகிறேன்.

பாளம்: உருக்குவதற்கு வரும் உலோகக் கட்டி.
வைப்புலை: உருகிய உலோகத்தைச் சூடு குறையாமல் வைத்திருக்கும் உலை.
கசடு: உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் ஒட்சைட்டு ஆடை.
வாய்க்கால்: அச்சுக்குள் உலோகம் ஓடும் பாதை.
மடை: வாய்க்கால் பாகத்தைச் சந்திக்கும் ஒடுங்கிய வாய்.
வழிவு: முதலில் வரும் குளிர்ந்த உலோகத்தையும் காற்றையும் ஏற்கும் சிறு குழி.
செதில்: அச்சின் இடுக்கில் கசிந்து உறைந்த மெல்லிய தகடு.
தள்ளூசி: உறைந்த பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் கம்பி.
பிஸ்கட்: இதற்குத் தமிழ்ச் சொல் தேவைப்படவில்லை, எல்லோருக்கும் விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் கன்னாதிட்டி என்ற தெருப் பெயரே கன்னாரை நினைவூட்டுகிறது. அவர்களிடமும், சுவாமிமலை, கோவைப் பட்டறைகளிலும் இதைவிட நல்ல சொற்கள் நிச்சயம் புழங்கும். தெரிந்தவர்கள் எழுதி அனுப்பினால் இந்தப் பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம். உங்கள் தகப்பனோ அண்ணனோ மாமாவோ இப்படியான ஆலை ஒன்றில் நின்றவராக இருந்தால், அவர் எந்த இயந்திரத்தில் நின்றார், எதைப் பார்த்துக் குறை கண்டுபிடித்தார் என்று ஒரு தடவை கேட்டு எழுதி வையுங்கள். கொப்பி வைத்திருந்தவராக இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள்.